பெட்ரோல் காசு எங்கே போகிறது, கரண்ட் காசு எங்கே போகிறது?

மேடவாக்கம் மொட்டைமாடி | சனி, காலை 7:40

போன ஆடியில் மின்சாரக் கார் வாங்கினேன். இந்த ஆடியோடு ஒரு வருஷம். ஓடியது 12,000 கிலோமீட்டர். காலையில் காபியோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்ரோல் கார் நம் ஊர் நெரிசலில் லிட்டருக்கு 14 கொடுத்தது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதே தூரத்துக்கு 86,000 ரூபாய்க்கு மேல். புது வண்டி யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடுகிறது. மொத்தம் 1,700 யூனிட் சொச்சம். அதை இ.பி.யிடமே வாங்கியிருந்தாலும், யூனிட் 8 ரூபாய் வீதம் 14,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். எனக்கு அதுவும் இல்லை. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். சராசரியாக நாளுக்கு 12 யூனிட் தருகிறது. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் வந்தது.

இதெல்லாம் என் சட்டைப்பை சமாச்சாரம். யோசிக்க வைத்தது வேறு. அந்த 86,000 ரூபாய் இத்தனை வருஷம் எங்கே போய்க்கொண்டிருந்தது? இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. வருஷத்துக்கு 10 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வெளியே போகிறது. மேடவாக்கம் சிக்னலில் நான் ஆக்சிலேட்டரை மிதித்தால் இராக்கின் எண்ணெய் ஊரான பாஸ்ராவில் யாரோ ஒருவருக்குச் சம்பளம். கரண்ட் காசு அப்படி இல்லை. பேனல் மாட்டியவர்கள் செங்கல்பட்டுப் பையன்கள். கம்பி ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தவர் கீழ்க்கட்டளையில் வெல்டிங் கடை வைத்திருப்பவர். ராத்திரி நான் இழுக்கும் கரண்டில் கொஞ்சமாவது ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் காற்று. காசு நம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

கார் மாறுவது பெரிய விஷயமில்லை, காசு சுற்றும் பாதை மாறுவதுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி. வாருங்கள், வெட்டிப் பேசுங்கள்.

மஞ்சப்பை | சனி, காலை 8:05

டிசம்பர் மழை வெள்ளம் வரட்டும் சார். உங்கள் காரையும் வேளச்சேரி பாலத்தின் மேல்தான் பார்க்கப் போகிறோம்.

மேடவாக்கம் மொட்டைமாடி | சனி, காலை 8:11

பார்க்கலாமே. முன்னாலும் பின்னாலும் பெட்ரோல் கார்தான் நிற்கும்.

வடபழனி கணக்கர் | சனி, காலை 9:30

சார், கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள், அதுதான் பெரிய வரி. பெட்ரோலில் ஒன்றிய அரசின் கலால் 2025 நடுவில் லிட்டருக்கு 20 ரூபாய்க்குக் குறையவில்லை. தமிழ்நாடு அரசின் வாட் 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாய். கூட்டிப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் 101 ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாய் பாஸ்ராவுக்குப் போகவே இல்லை. டெல்லிக்கும் கோட்டைக்கும்தான் போகிறது. பெண்களுக்கு இலவசப் பேருந்து, பள்ளியில் காலை உணவு எல்லாம் இந்த மாதிரி வருமானத்தில்தான் நடக்கிறது.

உங்கள் 86,000 ரூபாயில் 34,000 வரி. அதைக் கொடுக்காமல் நிறுத்தினீர்கள். காருக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி.தான், சாலை வரியும் விலக்கு, மாடிக்கு மானியம். இதில் கொடுத்தது யார், வாங்கியது யார்? 100 யூனிட் இலவசத்தில் குடித்தனம் நடத்தும் வீட்டுக்காரர்கள் ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோலில் வரி கட்டுகிறார்கள். 15 லட்சம் ரூபாய் கார் வாங்கியவருக்கு அது இல்லை. நான் எதிரி இல்லை சார். எல்லாரும் மாறிவிட்டால் அந்த 40 ரூபாய்க்கு வழி என்ன என்று மட்டும் கேட்கிறேன்.

மேடவாக்கம் மொட்டைமாடி | சனி, காலை 10:02

மேடம், இது சரியான அடி. வரியை நான் யோசிக்கவே இல்லை. பாஸ்ராவைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சலுகை என்றைக்குமே இருக்காது, இருக்கவும் கூடாது. நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரம். அந்த நாட்டிலும் ஆரம்பத்தில் வாட் முழு விலக்கு. 2023 முதல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு வாட் போட்டுவிட்டார்கள். விலை உயர்ந்த கார் வாங்குகிறவர் கட்டட்டும் என்று. இங்கேயும் அது வரும். வந்தால் நான் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன்.

லேத்து பட்டறை | சனி, மதியம் 1:20

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன பட்டறை. அப்பா இரண்டு லேத் வைத்து ஆரம்பித்தது. இப்போது கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் நான்கு, பதினோரு ஆட்கள். எஞ்சின் வால்வுக்கான கைடு, கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட், இரண்டு மூன்று வகை புஷ். எல்லாம் ஜாப் ஒர்க். பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்கிறவருக்கு நான் சப்ளை. அதாவது பந்தியில் மூன்றாவது இலை.

மொட்டைமாடி சார் சொன்ன 'காசு ஊருக்குள் சுற்றுகிறது' என்பதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோலுக்கான காசு பாஸ்ராவுக்குப் போனது சரி, பெட்ரோல் எஞ்சினுக்கான காசு எங்கே சுற்றியது? பாடி, அம்பத்தூர், திருமுடிவாக்கம், ஸ்ரீபெரும்புதூர். சென்னையை ஆசியாவின் டெட்ராய்ட் என்று மேடைக்கு மேடை சொன்னார்களே, அது இந்த எஞ்சினால்தான். மின்சார மோட்டாரில் வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது, கிளட்ச் கிடையாது, சைலன்சர் கிடையாது. பெரும்பாலும் ஒரே கியர். நான் செய்யும் ஐந்து சாமானில் நான்கு அந்த வண்டிக்குள் போகவே போகாது.

ஃபோர்டு மறைமலைநகரை மூடப் போகிறது என்று 2021-இல் சொன்னபோது எங்கள் தெருவிலேயே இரண்டு ஷட்டர் இறங்கியது. அது மின்சாரக் காரால் மூடியது இல்லை, தெரியும். ஆனால் மேலே ஒரு இலை எடுத்தால் கீழே எத்தனை பேர் எழுந்திருக்க வேண்டும் என்று அப்போது கண்ணால் பார்த்தேன்.

எனக்கு வயது 46. மெஷின் லோன் இன்னும் நான்கு வருஷம். நம்பிக்கையோடு இருங்கள் என்று யாராவது சொன்னால், எந்த சாமானின் டிராயிங்குக்கு என்று கேட்பேன்.

மஞ்சப்பை | சனி, மதியம் 1:34

இதற்கு எனக்கு ஜோக் வரவில்லை அண்ணா.

ஓய்வு இ.பி. | சனி, மாலை 5:15

மின்வாரியத்தில் 33 வருஷம், அதில் பாதி லோடு டெஸ்பாட்ச் பக்கம், அதாவது எந்த நிலையம் எப்போது எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் இடம். லேத்து தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'எல்லாரும் கார் வாங்கிச் சொருகினால் ஊரே இருண்டுவிடும்' என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் அதை முடித்துவிடுகிறேன்.

மாநிலம் ஒரு நாளைக்கு இழுப்பது 30 கோடி யூனிட்டுக்கு மேல். கோடையில் இன்னும் அதிகம். 2024 மே மாதம் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பத்து லட்சம் கார், ஒவ்வொன்றும் நாளுக்கு 35 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு காருக்கு 5 யூனிட். மொத்தம் 50 லட்சம் யூனிட். இரண்டு சதவீதம்கூட இல்லை. வீட்டு ஏ.சி. கொடுக்கிற தலைவலிக்கு முன்னால் இது கொசுக்கடி.

பிரச்சினை அளவில் இல்லை, நேரத்தில். ஆபீஸ் விட்டு வந்து ஏழு மணிக்கு எல்லாரும் சொருகுவீர்கள். அது சூரியன் போய்விட்ட நேரம், ஊரே லைட்டும் ஏ.சி.யும் போடும் நேரம். அப்போது ஓடுவது நிலக்கரிதான். மதியம் ஒரு மணிக்கோ சோலார் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. சில நாட்களில் 'குறை, குறை' என்று நாங்களே சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் கார் எங்கே இருக்கிறது? ஓ.எம்.ஆர்.-இல் ஏதோ ஒரு பேஸ்மென்ட்டில் தூங்குகிறது. வீட்டுக்குச் சார்ஜர் என்று எல்லாரும் பேசுகிறோம். ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜர் போட்டால்தான் பாதிப் பிரச்சினை தீரும்.

காற்று இன்னொரு கதை. எங்களுக்கு வைகாசி பிறந்தால் மூச்சு வரும். கன்னியாகுமரிப் பக்கம் முப்பந்தலில் ஆரம்பித்து, அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலை, பல்லடம் பக்கம் விசிறி சுற்ற ஆரம்பிக்கும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள், எங்களுக்கு அது மெகாவாட். மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. சீசனில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டைத் தாண்டிய நாட்களைப் பார்த்தாயிற்று. 2012-இல் வெளியூர்களில் பத்து மணி நேரம், அதற்கு மேலும் கட் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம் காற்று மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்ப்பேன்.

ஆனால் ஐப்பசி வந்தால் காற்றும் படுத்துவிடும், மேகமும் மூடிவிடும். அப்போது சேமித்து வைத்ததுதான் சோறு போடும். காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது. மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்று, தேவைப்படும்போது இறக்கு. அவ்வளவுதான் சூத்திரம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை வருஷக்கணக்காக நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. பேட்டரி விலை இறங்குவதால் இனி அந்தப் பக்கம்தான் வேகம். 2010 வாக்கில் ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட் பிடிக்கும் பேட்டரி 1,000 டாலருக்கு மேல். 2024-இல் சராசரி 115 டாலர். இந்த ஒரு எண்தான் என்னை இந்த வயதில் நம்ப வைக்கிறது.

ஒரு கொசுறு. மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1895-இல். பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-இல். நடுவில் வந்த விருந்தாளி பெட்ரோல்தான்.

நங்கநல்லூர் 42 | சனி, மாலை 6:40

விருந்தாளியை அனுப்பிவிட்டு யாரை உள்ளே விடப் போகிறோம்? சோலார் செல் சீனா, பேட்டரி செல் சீனா, மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் சீனா. 2025 ஏப்ரலில் அவர்கள் அரிய மண் காந்தத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே வண்டிக் கம்பெனிகள் எப்படித் தவித்தன என்று எல்லாரும் பார்த்தோம். வளைகுடாவை விட்டு பெய்ஜிங்கில் போய் மாட்டிக்கொள்வதற்குப் பெயர் தற்சார்பா?

மேடவாக்கம் மொட்டைமாடி | சனி, இரவு 7:25

ஒரு வித்தியாசம் இருக்கிறது சார். அரிசி வாங்குவதும் அடுப்பு வாங்குவதும் ஒன்றா? பெட்ரோல் அரிசி மாதிரி. கப்பல் ஒரு மாதம் வராவிட்டால் வண்டி நின்றுவிடும். பேனல், காந்தம் எல்லாம் அடுப்பு. புது அடுப்பு கிடைக்காமல் போகலாம், வீட்டில் இருக்கிற அடுப்பை யாரும் வந்து அணைக்க முடியாது. என் மாடிப் பேனல் இன்னும் இருபது வருஷத்துக்கு யாரையும் கேட்காமல் கரண்ட் தரும்.

அடுப்பையும் இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறந்தது, வருஷத்துக்கு 3.3 கிகாவாட். சிலிக்கான் இல்லாமல் மெல்லிய படல முறை. கங்கைகொண்டானில் டாடா பவர் போட்டிருக்கிறது. காந்தம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு இப்போதைக்கு நம்மிடம் பதில் இல்லை.

முகத்துவாரம் | சனி, இரவு 9:10

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கார் கணக்கு, வரிக் கணக்கு, யூனிட் கணக்கு எல்லாம் வந்தது. சாம்பல் கணக்கு வரவில்லை.

நீங்கள் ஏழு மணிக்குச் சொருகும்போது ஓடுவது நிலக்கரி என்று இ.பி. ஐயா சொன்னார் இல்லையா, அந்த நிலக்கரி ஒடிசாவிலிருந்து கப்பலில் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது. எரிந்த சாம்பல் குழாயில் போகும். குழாய் ஒழுகும். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் என் பாட்டி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் பிடிப்பார். இப்போது அந்த இடத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை சாம்பல் சேறு. அம்மா இறால் பிடிக்கப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. நான் மணலியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் போகிறேன்.

பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். மூடிய அன்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் துக்கம் இல்லை. ஆனால் அதில் ஒப்பந்த வேலை பார்த்தவர்களும் எங்கள் தெருதான், அதையும் சொல்ல வேண்டும்.

மின்சாரக் கார் வந்தால் தி.நகரில் புகை குறையும், சந்தோஷம். சோலாரும் காற்றும் கூடவே வராமல் கார் மட்டும் வந்தால், அந்தப் புகை எங்கள் பக்கம்தான் திரும்பும். காசு எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று கேட்டீர்களே அண்ணா, புகையும் எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

மேடவாக்கம் மொட்டைமாடி | சனி, இரவு 9:48

தம்பி, இன்றிலிருந்து ராத்திரி ஏழு மணிக்குச் சொருகமாட்டேன். பெரிய விஷயமில்லை என்று தெரியும். டைமர் போட்டுக் காலை பத்துக்கு மேல் ஏற்றுகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் முடியும், மற்ற நாட்களுக்கு ஆபீஸில் கேட்கப் போகிறேன்.

செயலாளர் சி பிளாக் | ஞாயிறு, காலை 8:20

ஆபீஸில் கேளுங்கள், கொடுப்பார்கள். அடுக்ககத்தில் கேட்டுப் பாருங்கள். 84 வீடு, 6 மின்சாரக் கார், 11 ஸ்கூட்டர். ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டார். ஒருவர் பொது மீட்டரில் சொருகினார், சண்டை. பேட்டரி வெடித்தால் யார் பொறுப்பு என்று ஒரு பெரியவர் பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் பேசினார். மாடி எல்லாருக்கும் பொது என்பதால் சோலாரும் கிடையாது, துணி காயப்போடும் கொடிக்கே அங்கே தகராறு. கடைசியில் தனி சர்வீஸ் எடுத்து, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் சின்ன மீட்டர் வைத்து, 15 ஆம்பியர் பிளக், லோடு மீறினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்ச், ஒழுங்கான எர்த் என்று முடித்தோம். பெரிய ஃபாஸ்ட் சார்ஜர் எதுவும் தேவைப்படவில்லை. ராத்திரி முழுக்க நிற்கும் வண்டிக்கு 3 கிலோவாட் தாராளம்.

பொருளாதாரம் புரள்வதற்கு முன்னால் பொதுக்குழுவில் கோரம் சேர வேண்டும் சார்.

ஆட்டோக்காரர் மகன் | ஞாயிறு, காலை 9:05

எல்லாரும் கார் கார் என்கிறீர்கள். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ் விட்டார்கள், நானே தினமும் போகிறேன். தாழ்தளம், சத்தம் இல்லை, என் அம்மா முட்டிவலியோடு ஏறுகிறார். ஒரு பஸ் ஒரு நாளில் ஓடும் தூரத்துக்கு மொட்டைமாடி சாரின் கார் ஒரு வாரம் ஓட வேண்டும். வரிப்பணத்தை எங்கே போடலாம் என்று கணக்கர் மேடம் கேட்டால் நான் பஸ் என்பேன்.

அப்பா இன்னும் கேஸ் ஆட்டோதான். மின்சார ஆட்டோ வாங்கச் சொன்னேன். 'மத்தியானம் சவாரி வரும் நேரத்தில் சார்ஜ் போட்டு உட்கார்ந்தால் யார் காசு தருவார்கள்' என்றார். அதோடு ஃபைனான்ஸ்காரர் பேட்டரி வண்டிக்கு வட்டியை ஏற்றிச் சொல்கிறார், பழைய வண்டியாக விற்றால் என்ன விலை போகும் என்று அவருக்கே தெரியவில்லையாம். அது தெரிந்துவிட்டால் ஸ்டாண்டில் பாதி ஆட்டோ மாறிவிடும்.

வடபழனி கணக்கர் | ஞாயிறு, காலை 9:40

பஸ்ஸுக்கு என் ஓட்டு உண்டு. டீசலில் வரி போனாலும் போகட்டும், அது அரசாங்கம் தனக்குத்தானே கட்டிக்கொண்ட வரி.

லேத்து பட்டறை | ஞாயிறு, மாலை 4:30

நேற்று எழுதியதற்குத் தனிமடலில் நான்கு பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதல் வேண்டாம், ஒருவர் மட்டும் உருப்படியாக ஒன்று அனுப்பினார். ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கு ஷாஃப்ட் செய்கிறவர்களுக்கு ஆள் வேண்டுமாம். டிராயிங் வந்திருக்கிறது.

பார்த்தேன். ஷாஃப்ட் ஷாஃப்ட்தான், பயமில்லை. ஆனால் மோட்டார் பெட்ரோல் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றுகிறது. அதனால் ரன்அவுட், அதாவது சுற்றும்போது வரும் ஆட்டம், 10 மைக்ரானுக்குள் கேட்கிறார்கள். நான் இப்போது கொடுப்பது 25. என் நான்கு மெஷினில் ஒன்று தாங்கும், மற்றது தாங்காது. சிலிண்ட்ரிகல் கிரைண்டிங், அதாவது ஷாஃப்ட்டைச் சாணை பிடிப்பது, வெளியே கொடுக்க வேண்டும். எண்ணிக்கையும் பழைய ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கு. பதினோரு ஆளில் ஏழு பேருக்கு வேலை இருக்கும். மீதி நான்கு பேரை என்ன செய்வது என்று மொட்டைமாடி சார் ஒரு கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

மேடவாக்கம் மொட்டைமாடி | ஞாயிறு, மாலை 5:10

அந்தக் கணக்கு எனக்கு வராது அண்ணா.

ஓய்வு இ.பி. | ஞாயிறு, மாலை 5:50

லேத்து தம்பி, காற்றாலைகளுக்குப் பராமரிப்பு பார்க்கிறவர்கள் பழைய விசிறிகளுக்குப் புஷ், பின், கப்ளிங் எல்லாம் உள்ளூரில் அடிக்கக் கேட்பார்கள். 90-களில் நட்ட மெஷின்களுக்குக் கம்பெனி ஸ்பேர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் யானை விலை. எண்ணிக்கை குறைவு, ஆனால் மைக்ரான் தொல்லை கிடையாது. முப்பந்தலில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு எத்தனை விட்டம் வரை திருப்ப முடியும்?

லேத்து பட்டறை | ஞாயிறு, மாலை 6:02

அப்பாவின் பழைய லேத்தில் 400 மில்லிமீட்டர் வரை ஏறும் சார். விற்கலாம் என்று இருந்தேன். மாதிரி பீஸ் ஒன்றை லாரியில் போட்டுவிடச் சொல்லுங்கள், செவ்வாய்க்குள் பார்த்துச் சொல்கிறேன்.